பதினேழாம் நம்பர் போல்ட்

மச்சான்,

உன் வேனின் ஆயில் வடிக்கும் போல்ட் இப்போது என் டீ கிளாசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆறு மூலையும் தேய்ந்து, மொட்டை போட்டுக்கொண்டு மலையிறங்கிய பக்தனைப் போல மினுமினுக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் பழைய ஆயில் வாசனை போகவில்லை. அது உன் வாசனை. உனக்கு அத்தர் பூசினாலும் கடைசியில் அதுதான் அடிக்கும்.

நீ இருந்தவரைக்கும் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை. திண்டிவனம் ஏரியில் கொட்டினால் கலிங்கல் வழிந்து விழுப்புரம் வரைக்கும் பாயும்.

நான் திண்டிவனத்தில் டிராக்டர் பார்ப்பவன், நீ விழுப்புரத்தில் வேன் பார்ப்பவன். நியாயமான உலகத்தில் இந்தப் பாகப்பிரிவினை போதும். ஆனால் ஜனங்கள் என் ஷெட் வாசலில் நின்றுகொண்டே, "கழலாத போல்ட்டா, விழுப்புரத்தாருகிட்ட போயிடுங்க" என்பார்கள். நீ குனிந்து பார்த்தாலே போல்ட் எழுந்து வணக்கம் சொல்லி வெளியே வரும் என்று மூன்று தாலுக்கா நம்பியது. உன் சாவுக்கு வந்த வண்டிகளை நான் எண்ணினேன், மச்சான். அழுதுகொண்டேதான் எண்ணினேன். எனக்கு இதில் பாதியாவது வருமா என்று சுடுகாடு போய்ச் சேரும்வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பெருமுக்கல் ஊர்க்காரர் ஒருவரின் வேன் நினைவிருக்கிறதா? வேன் வேலை உன் பங்கு என்று தெரிந்தும், ஆயில் மாற்றுவது என்ன பெரிய ராஜதந்திரம் என்று நான் கை வைத்தேன். அந்தப் போல்ட் மில்லிமீட்டர் கணக்கில் பதினேழு. என்னிடம் இருந்ததோ பழைய டிராக்டருக்கான இஞ்ச் ஸ்பானர்; வாய் ஒரு மயிரிழை கூடுதல் அகலம். மயிரிழைதானே என்று ஸ்பானர் பிடியில் பைப்பைச் சொருகி, ஐராவதத்தின் பலத்தோடு மிதித்தேன். மறு நொடி போல்ட் கோலிக்குண்டு.

வேறு வழியில்லாமல், வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு உன் ஷெட்டுக்கே வந்தேன். வழி முழுக்க அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "அது எப்டிங்க மொட்டையாச்சி?" நான் தொண்டை கட்டியவன் போல இருமிக்கொண்டே வந்தேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் என் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

நீ வண்டிக்கடியில் படுத்தாய். போல்ட்டைப் பார்த்தாய். என் கையிலிருந்த இஞ்ச் ஸ்பானரைப் பார்த்தாய். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் சொன்னாய்: "துருங்க. யாரு கை வச்சாலும் இப்டித்தான் ஆவும்."

எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும் போல்ட்டுக்கு ஏது துரு? ஆனால் சொன்னது நீ. அவர் பக்தியோடு தலையாட்டினார்.

பிறகு, ஒரு நம்பர் சின்னதான பதினாறு சாக்கெட்டை அந்த மொட்டைத் தலையில் வைத்து, சுத்தியால் அடித்து இறக்கினாய். கழற்றப் போகிறாய் என்று பார்த்தால், முதலில் இறுக்கினாய். "என்னா மச்சான், தலகீழா பண்ற?" என்றேன். "ஒரு நூல் உள்ள போவ வுடு. வந்துடுன்னு கழுத்தப் புடிச்சா எவன் வருவான்?" என்றாய். கடுகளவு இறுக்கினாய், அப்புறம் திருப்பினாய். டொக்கென்று ஒரு சத்தம். டீ ஆறுவதற்குள் போல்ட் உன் உள்ளங்கையில்.

அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். கை வேலையில்தான் பெரியவன் என்று பார்த்தால், காப்பாற்றுவதிலும் நீயே பெரியவனா? அந்த எரிச்சலில் ஸ்பானரை உன் ஷெட்டிலேயே மறந்துவிட்டு வந்தேன். திரும்பக் கேட்க வெட்கம். கடைசிவரைக்கும் கேட்கவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, உன் வேனை இங்கே கொண்டுவந்தாள். மல்லாட்டை மூட்டை ஏற்றக் கடலை மண்டிக்காரர் ஒருவர் வாங்குவதாகப் பேச்சு; அவரும் கூடவே வந்திருந்தார். "ஆயில மாத்திக் குடுத்துடுங்கண்ணே" என்றாள். நான் அடியில் போய்ப் படுத்தேன். பார்த்தால், மொட்டை.

மச்சான், இத்தனை வருஷம் நான் காத்திருந்த காட்சி அது. மேளம் மட்டும்தான் குறை.

மண்டிக்காரரும் குனிந்து பார்த்துவிட்டார். "விழுப்புரத்தாரு சொந்த வண்டின்னுதான் நம்பி வந்தேன். எவனோ அரைகுறை கை வச்சிருக்கான் போலக்கீதே."

"அவரத் தவிர வேற யாரும் தொடலைங்க," என்றாள் தங்கச்சி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் சாக்கெட் எடுக்கிற சாக்கில் உன் வேனிலிருந்த டூல் பையைத் திறந்தேன். மேலாகவே கிடந்தது என் இஞ்ச் ஸ்பானர், என் இனிஷியலோடு. பின்னாலேயே வந்த தங்கச்சி மெல்லச் சொன்னாள்: "ஒரு வருசமா நம்பரு தெரியலண்ணே அவருக்கு. சக்கரை கண்ணுல எறங்கிடுச்சி. வெரலால தடவித் தடவித்தான் ஸ்பானர எடுத்துக்கினு இருந்தாரு. யாருக்கும் சொல்லாதன்னாரு. திண்டிவனத்தானுக்கு மட்டும் சொல்லவே கூடாதுன்னாரு."

பதினேழு என்று நீ தடவி எடுத்தது என் ஸ்பானரை. சொல்லக் கூடாதது என்னிடம் மட்டும். கேட்டதும் பெருமையாகக்கூட இருந்தது, போ.

திரும்பி வந்தேன். மண்டிக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "துருங்க," என்றேன்.

"எண்ணெயிலயே ஊறிக்கினு கெடக்கறது எங்கங்க துரு புடிக்கும்?"

பார்த்தாயா? நீ சொன்னால் ஒரு சொல் போதும். நான் சொன்னால் சாட்சி வேண்டும். "மரக்காணம் ரோட்டுல உப்பு லோடு அடிச்ச வண்டிங்க இது. அந்தக் காத்துல நான் ரெண்டு மாசம் போயி வந்ததுல என் இடுப்புச் சாவி ஊசியா எளைச்சிப்போச்சி. போல்ட்டு இம்மாம் மிஞ்சினதே அவரு கைராசி."

மண்டிக்காரர் தங்கச்சியைப் பார்த்தார். அவள், "ஆமாங்க, உப்பு லோடுதான்," என்றாள். நீ வாழ்நாளில் ஒரு கல் உப்பு ஏற்றியதில்லை.

பதினாறு சாக்கெட்டை அடித்து இறக்கினேன். ஒரு நூல் இறுக்கினேன். திருப்பினேன். வரவில்லை. மறுபடி ஒரு நூல் இறுக்கித் திருப்பினேன். டொக். உனக்கு ஒரே தடவையில் வந்திருக்கும், அது வேறு கதை. புதுப் போல்ட் போட்டுக் கொடுத்தேன். மண்டிக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "விழுப்புரத்தாரு வண்டியாச்சே" என்று சாவியை வாங்கிக்கொண்டார். என் பேர் எங்குமே வரவில்லை.

ஸ்பானரை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் தங்கச்சி. வேண்டாம், உன் பையிலேயே கிடக்கட்டும் என்றேன். போல்ட்டை மட்டும் கேட்காமலே சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து சட்டை மாற்றினாலும் அதுவும் கூடவே மாறி வருகிறது. நேற்று பாக்கெட் கிழிந்தேவிட்டது. "என்னாத்தப் போட்டு இப்டிக் கிழிச்சிக்கினு வந்தீங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

துரு என்றேன்.