ஆறு பேரும் சேகரும்

ஜனவரி 5, ஞாயிறு

பனி. வெயில் எட்டிப் பார்க்கலை. நேத்துத் துவைச்சது இன்னும் ஈரம்.

இன்னைக்கு நம்ம அறையில இருந்தவங்க: யூனியன் செக்ரட்டரி ராம்மேஹர், கட்டில்ல. பல்வந்த், ஷிவ்நாத், தாமஸ், ராஜிந்தர், நாலு பேரும் பாயில. குர்மீத் சர்தார் கதவு ஓரம் ஸ்டூல்ல. என் மகன் சேகர் நின்னுக்கிட்டே. டீ போட்டது மருமகள் விஜயா. அப்புறம் நான். டெல்லியில இந்த முனிர்கா சந்துல இத்தனை செருப்பு வெளியே கிடந்தா கண்ணு பட்டுடும். எல்லாத்தையும் உள்ளே எடுத்து வச்சேன்.

விஷயம்: கார் ஃபேக்டரியில ஆளாளுக்கு ஒரு காகிதம் நீட்டறாங்களாம். கோஷம் போட மாட்டேன், வேலையை நிறுத்த மாட்டேன், நிறுத்தினா வெளியே அனுப்பலாம்னு எழுதியிருக்காம். கையெழுத்துப் போட்டாத்தான் வேலை. போடறதில்லைன்னு முடிவு. வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட்ல இந்த ஏழு பேரும் முதல்ல மெஷின்லேருந்து கையை எடுப்பாங்க, லைன் நின்னுடும். அதுவரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது.

ராம்மேஹர் என்னைப் பார்த்து, "மாஜி, நீங்களும் சுப்."

"என் வாயை விடு. பல்வந்த் வாயைக் கட்டு. பான் துப்பித் துப்பி என் மாடிப்படி சிவந்து கிடக்கு."

சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. அது தீபாவளிக்குத் துப்பின கறை.

ஜனவரி 7, செவ்வாய்

முழங்கால் வலி. பட்டாணி உரிச்சேன். விஜயா வேலைக்கு, ப்ரீதி ஸ்கூலுக்கு. பேத்திக்குத் தமிழ் படிக்க வராது, அதனால இந்த நோட்டை எங்கே போட்டாலும் பயமில்லை.

மத்தியானம் கோதண்டராமன் வந்தார். ஃபேக்டரி ஆபீஸ்ல பெரிய வேலை. செய்யாறுக்காரர், நாங்க ஆரணி. பொங்கலுக்குன்னு ஊர் வெல்லம் கொடுத்தார். தமிழ் பேச ஆள் கிடைச்சு எத்தனை நாளாச்சு. ரெண்டு தரம் டீ.

பேச்சுவாக்குல சொன்னார், "யூனியன்லாம் அந்தக் காலம்மா. இப்ப நாலு பேர் கூடறதுகூட இல்லை. கூடித்தான் என்னத்தைக் கிழிச்சாங்க?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கிழிச்சதை எல்லாம் சொன்னேன். பிரஸ் மெஷின்ல குர்மீத் விரல் மூணு போச்சு. கைக்குட்டையில விரலை முடிஞ்சுக்கிட்டு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனான், ஃபேக்டரி வண்டி தரலை. யூனியன்காரங்க கேட்ல உட்கார்ந்த பிறகுதான் ஃபேக்டரிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் ஓடற பட்டனும் அப்புறம்தான் வந்தது. டீக்கும் மூத்திரத்துக்கும் தனித்தனி நேரம். ஊழியர் பஸ். சேகர் மாதிரி டெம்பரவரிப் பசங்க பர்மனென்ட் ஆனது.

"கூடலைன்னு யார் சொன்னது? போன ஞாயித்துக்கிழமை இதே பாயில"ன்னு ஆரம்பிச்சு, யார் யார், எங்கெங்கே உட்கார்ந்தாங்க, ஆறு பேரையும் சொல்லிட்டேன். சேகர் மட்டும் மார்க்கெட் போயிருந்தான்னேன். அந்த அளவுக்குப் புத்தி வேலை செஞ்சது.

அவர் தலையை ஆட்டினார். செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரி 10, வெள்ளி

லைன் நிக்கலை.

ஆறு பேரையும் கேட்லயே மடக்கி சஸ்பெண்ட் காகிதம். சேகரைப் பார்த்து, "நீ உள்ளே போ"ன்னு வழி விட்டாங்களாம். திரும்பி வரப்ப பஸ்ல அவன் பக்கத்து சீட் காலி. பின்னாலிருந்து ஒருத்தன் "தலால்"னு கத்தினானாம். கம்பெனிக்காரனோட தரகன்னு அர்த்தம்.

"யாரோ காட்டிக் கொடுத்திருக்கான். நான்னு நினைக்கிறாங்கம்மா."

நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ரெண்டு நாளா அவன் சாப்பிடலை. நடந்ததைக் காலையில அவன்கிட்ட சொல்லிட்டேன். விஜயா அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னா.

"என் பேரை எதுக்கு விட்ட?"

"நீ என் பிள்ளைடா."

"அவங்கெல்லாம் யார் பிள்ளை?"



ஜனவரி 13, திங்கள்

குளிர் எலும்புக்குள்ள. சேகரோட போனேன். கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டி ஆறு பேரும் உட்கார்ந்திருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச இந்தியில எல்லாத்தையும் சொன்னேன். ராம்மேஹர் தரையையே பார்த்தான். குர்மீத் அந்த ரெண்டு விரல் கையால டீ கிளாஸை நீட்டினான். வாங்கிக்கிட்டேன், குடிக்க முடியலை.

பல்வந்த், "மாஜி, என் பேரை அப்பா பேரோட சேர்த்துச் சொன்னீங்களா? லெட்டர்ல தப்பா இருக்கு."

யாரும் சிரிக்கலை.

திரும்பிப் பார்த்தா சேகர் இல்லை. ஆபீசுக்குள்ள போய், அந்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நானும் இருந்தேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தான். அவன் கையிலயும் சஸ்பெண்ட் காகிதம். தாமஸ் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்துட்டான்.

பன்னண்டு வருஷ வேலை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைக்கலை. ப்ரீதி கேட்டுது, பால் மட்டும் காய்ச்சிக் கொடுத்தேன்.

பஸ் மாறி மயூர் விஹார் போனேன். கோதண்டராமன் கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே வாங்கன்னு சொல்லலை. உங்க பெண்டாட்டி பிள்ளை நல்லா இருக்கட்டும், என் பிள்ளை சோத்துல ஏன் மண் போட்டீங்கன்னு கேட்டேன்.

"நான் ஒண்ணுமே கேட்கலையேம்மா. நீங்களாத்தானே சொன்னீங்க."

படி இறங்கறப்ப யோசிச்சேன். நிஜம். ஒரு பேர்கூட அந்த ஆள் கேட்கலை.

கையெழுத்து கேட்டவனை ஒருநாள் மன்னிச்சாலும் மன்னிப்பேன். "தலால்"னு கத்தினவனை இப்பவே மன்னிச்சாச்சு. அந்த நிஜத்தை என் முகத்துக்கு நேரே சொன்னவனை மட்டும் மாட்டேன். செய்யாறு கோதண்டராமன்.