தொட்டியில் ஒரு பிடி யூரியா

செவ்வாய், இரவு.

லெட்டூஸ் கீரை மொத்தமும் போய்விட்டது. மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் அந்தச் சின்னத் தொட்டி சமையல் மேடையில்தான் இருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பச்சைப்பசேலென்று நின்ற செடிகள், சாயங்காலம் வந்து பார்த்தால் துவண்டு கிடக்கின்றன. தண்ணீரில் உர வாடை.

மாமனார்தான். தோட்டத்துத் தக்காளிக்கு வாங்கி வைத்திருந்த யூரியாவில் ஒரு பிடி போட்டிருக்கிறார். "வெறும் தண்ணியில பாவமா நின்னுச்சு கண்ணு, அதான்" என்கிறார். அந்தத் தண்ணீரில் சத்து கலந்திருக்கிறேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இந்த வீட்டில் நானாக வளர்த்த ஒரே பயிர். ஞாயிற்றுக்கிழமை பறித்து முதலில் அவர் தட்டில்தான் வைப்பதாக இருந்தேன்.

கெடுக்கவென்றே செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தொட்டியை எடுத்துக் கழுவினேன். பின்னாலேயே வந்து நின்றார்.

"அடுத்த தடவ எவ்வளவு போடணும்னு நீயே சொல்லிடு கண்ணு, அதும்படி போடறேன்."

பயிர் விஷயத்தில் எங்கள் ஊர் பாலக்கோட்டில் ஒருத்தரிடமும் யோசனை கேட்காத மனிதர்.

"நீங்க ஒண்ணும் போட வேணாங்க மாமா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார். சோற்றை மூடி வைத்துவிட்டு வந்தேன். கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.