ஒட்டாத மூலக்கூறுகள்

ஜூன் 3
வேலூர் ஆய்வகத்திலிருந்து அபிநயா அழைத்தாள். கண்ணாடி விரியன் விஷத்தில் ரத்தத்தைக் கெடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதில் ஒட்டி அதை முடக்கும் என்று என் கம்ப்யூட்டர் மாடல் கணித்த மூலக்கூறுகள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டாளாம். ஒன்றுகூட ஒட்டவில்லை. "ரெண்டு தடவ பண்ணிட்டேன்க்கா," என்றாள். பழைய தரவுகளில் அத்தனை சரியாகச் சொன்ன மாடல். எங்கே தப்பு?

ஜூன் 4
மழை. ஜமுனாமரத்தூர் முழுக்க கரண்ட் இல்லை. கல்லூரி கம்ப்யூட்டரோடு இணைப்பு அறுந்து, ஓடிக்கொண்டிருந்த கணக்கும் போயிற்று. சே.

ஜூன் 9
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.
புரதத்தைக் காட்டாமல் மூலக்கூறை மட்டும் மாடலிடம் கொடுத்தேன். மதிப்பெண் கொஞ்சமும் மாறவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் அது புரதத்தைப் பார்க்கவே இல்லை. பயிற்சிக்குக் கொடுத்த தரவில் ஒட்டுகிற மூலக்கூறுகள் எல்லாம் ஒரே ஜாடை. அந்த ஜாடையை மனப்பாடம் செய்து மார்க் போட்டிருக்கிறது. பூட்டைப் பார்க்காமலே 'இந்தச் சாவி திறக்கும்' என்பதுபோல. நான் இன்னா பாத்துட்டு இருந்தேன்?

ஜூன் 10
வழிகாட்டி கோபால்சாமி சாரிடம் சொன்னேன். இந்த மாடலைப் பற்றிய எங்கள் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது, அதுதான் அவர் கவலை. "கடைசியில வரம்புகள்னு ஒரு வரி போட்டுட்டு வுடும்மா. எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க." போனை வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது — ஒரு வரியா?

ஜூன் 11
கணவர் அசோக்கிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. போன வருடம் சாமைக் கொல்லையில் அவரை விரியன் கடித்து, மலையிறங்கி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் இந்த வேலையையே எடுத்தேன். மலையிறங்கும்வரை தாங்க ஒரு மாத்திரை வரும், 'எங்க வூட்லதான் தேடறாங்க' என்று, தான் வாத்தியாராக இருக்கும் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.
"அப்ப அந்தப் பேப்பர் பொய்யா?" என்றார்.
பொய் இல்லை, தப்பு என்றேன்.
"தப்புன்னு தெரிஞ்சப்புறமும் போட்டா?"
எழுந்து வெளியே போய்விட்டேன். கோபம் அவர் மேல் இல்லை.

ஜூன் 13
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். சாருக்கும் ஒரு நகல்.

ஜூன் 27
சார் போனை எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 2
தரவைப் புதிதாகப் பிரித்தேன். ஒவ்வொரு ஜாடையிலும் ஒட்டுவது, ஒட்டாதது இரண்டையும் கலந்தேன். பயிற்சியில் பார்த்த புரதத்தின் சாயல்கூடத் தேர்வில் வராமல் பார்த்துக்கொண்டேன். மறுபடி ஓட்டினால் — பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு?

ஆகஸ்ட் 5
காலையில் சார் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. தரவை எப்படிப் பிரித்தாய் என்றார், சொன்னேன். எவ்வளவு வந்தது என்றார், அதையும் சொன்னேன்.
"இது நெசமான மார்க்கா?"
"ஆமா சார்."
"அப்ப அதையே எழுதும்மா. பழசுல எங்க தப்புன்னு மொதல்ல எழுது. என் பேரும் இருக்கட்டும்."
எழுத உட்கார்ந்தேன். மதியம் ஆகிறது. முதல் வாக்கியம் இன்னும் அமையவில்லை.