அமைச்சர் கையில் மைக்

மார்ச் 3

பாசமுள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால், "இதுல செய்தி எங்கம்மா?" என்று கேட்பீர்கள். செய்தி இருக்கிறது. மாகாண சபையில் குடிநீர்த் துறையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இத்தனை வருடம் சேனல் நிருபராக உங்கள் கேமராவுக்கு முன்னால் நின்று, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்தியதற்குக் கிடைத்த பலன்.

அறை பெரிது. நாற்காலியில் சாய்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. போனில் பேசலாமென்றால் உதவியாளர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். ஊரே வாழ்த்தியது, நீங்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம்தான்.

உங்கள் தங்கச்சி

மார்ச் 19

தங்கச்சிக்கு,

வாய் நிறைய வாழ்த்தினேன். அத்தனை கைதட்டலில் உன் காதில் விழவில்லை.

உன் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் அவளே சொல்லிவிடுகிறாள். உன் அண்ணி இன்னும் அந்தத் தூரத்து ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். வார விடுமுறைக்குத்தான் வீடு. மற்ற நாட்களில் என் சமையலை நானே சாப்பிடுகிறேன், வேறு யாருக்கும் அந்தத் தைரியமில்லை.

அடுத்த மாதம் நீ தெருக்குழாய் திறக்கும்போது படமெடுக்க என்னைத்தான் அனுப்புகிறார்கள். பழையபடி நடந்துகொண்டே பேசாதே, ஃபோகஸ் போய்விடும்.

அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணா,

நேற்றுத் தெருக்குழாய் திறப்பில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது. உங்கள் கேமராவில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கை தானாக மைக்கைப் பிடித்தது. "இந்தத் தெரு தண்ணியைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. பொறுப்புல இருக்கிறவங்க யாரும் எட்டிக்கூடப் பாக்கல" என்று அந்தப் பழைய குரலிலேயே சொல்லிவிட்டேன். பொறுப்பில் இருப்பதே நான்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. தெருவே கைதட்டியது.

நான் தாமதமாக வந்ததால் மற்ற சேனல்காரர்கள் காத்திருந்து அலுத்து, முன்பே கிளம்பிவிட்டார்கள். மக்களின் போன்களைப் பாதுகாப்பு என்று சொல்லி என் ஆட்கள் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். பதிவு உங்களிடம் மட்டும்தான். முதலமைச்சர் பார்த்தால் என் பதவி காலி. தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

சுகாதாரத் துறையில் சொல்லி வாங்கிய அண்ணியின் மாற்றல் உத்தரவை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் ஆஸ்பத்திரி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கச்சி

ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

சம்பந்தமில்லாத இரண்டும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன.

அந்தப் பதிவை, நீ கேட்பதற்கு முன்பே, அன்று திரும்பி வரும்போது வண்டியிலேயே அழித்துவிட்டேன். உன் முகம் செத்துப்போனதைப் பார்க்க முடியவில்லை. குழாய் திறந்ததோடு சரியா என்று செய்தி ஆசிரியர் கேட்டார். சரிதான் என்று கூசாமல் சொன்னேன். இத்தனை வருட வேலையில், எடுத்ததை அழித்தது அதுதான் முதல் தடவை. மனசு உறுத்தியது. தங்கச்சிக்குத்தானே செய்தோம் என்று தேற்றிக்கொண்டேன். தேறியும் விட்டது.

இப்போது உன் கடிதம். அந்த மாற்றலுக்காக உன் அண்ணி ஏறி இறங்காத படியில்லை. உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "இத வாங்கிட்டா, நீங்க கூலிக்கு அழிச்ச மாதிரி ஆயிடும்" என்றாள்.

வாங்காவிட்டாலும் அப்படித்தான் ஆகிவிட்டதம்மா. நான் சும்மா கொடுத்ததற்கு நீ விலை போட்டுவிட்டாய். இனி நானே நினைத்தாலும் அதைச் சும்மா கொடுத்ததாக நினைக்க முடியாது.

உத்தரவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனிமேல் எனக்கு எழுதாதே. சபைக்குப் படமெடுக்க வரும்போது பார்த்தால், மற்ற கேமராக்காரர்களுக்குச் செய்வதுபோல் தலையசைத்தால் போதும்.

அண்ணன்