மோட்டாரை நிறுத்தச் சொன்னவள்

பிப்ரவரி 9

பம்பு ஷெட் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர், பாலத்துத் தூணில் போட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்விட்டதாம். இன்று முதல் தோட்டத்துக்கு யாரும் மோட்டார் ஓட்டக்கூடாதாம். டவுனுக்குக் குடிதண்ணீர் மட்டும் போகும், மற்றது ஆற்றிலேயே கிடக்க வேண்டும். கீழே என் நாத்தனாரின் கையெழுத்து.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இருக்கிறதென்று கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். நோட்டீஸ் அப்போதே அவள் பையில் இருந்திருக்கும். வாயைத் திறந்தாளா?

எங்கள் ஆற்றுக்கு அணை கிடையாது. திறந்துவிடவும் ஆளில்லை, மூடவும் ஆளில்லை. வருவது வரும். அவரவர் குழாயைப் போட்டு அவரவர் எடுத்துக்கொண்டிருந்தோம். இந்த மகராசி ஆற்று அதிகாரியாக வந்த பிறகுதான் தூணில் கோடு, கதவில் காகிதம்.

மாதுளை இப்போதுதான் பிஞ்சு பிடித்திருக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் பிஞ்சு கொட்டும். நிறுத்தி நிறுத்தி விட்டால் காய் வெடிக்கும். இது அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு அறுப்புக்கும் கூடையோடு வந்து நிற்பவள்தானே.

பிப்ரவரி 10

"அவ வேலையை அவ பாக்குறா" என்கிறார் என் வீட்டுக்காரர். சரி. இன்று சமையல் என் வேலை இல்லை.

பிப்ரவரி 14

பழம் தரம் பிரிக்கும் ஷெட்டில் கூட்டம். ஆற்றங்கரைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தோம். மேட்டுத் தோட்டக்காரர் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மேலே, ஆறு முதலில் நுழைவது அவர் நிலத்தில்தான். மோட்டாரும் அவருடையதுதான் பெரிசு.

நாத்தனார் ஒரு படம் மாட்டி விளக்கினாள். ஆறு முழுசாக வற்றாது, முதலில் துண்டு துண்டாக அறுந்து மடுக்களாக நிற்குமாம். ஓட்டம் நின்ற மடு அழுகுமாம். அதில் மீன் சாகும், அதே தண்ணீர்தான் டவுன் குழாய்க்கும் போகும் என்றாள். "ஓட்டம் இருக்கிற வரைக்கும்தான் அது ஆறு. மழைக்காலத்துல வேணும்கிற அளவு எடுத்துக் குளத்துல நிரப்பி வெச்சுக்கோங்க. இப்ப மட்டும் கையை வெக்காதீங்க."

"இப்ப எங்களுக்கு எந்தக் குளத்துல இருக்கு?" என்று மேட்டுக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "எங்க மரம் செத்தாலும் உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும். மீனுக்குப் பரிஞ்சு பேசுறியே, அண்ணன் வீட்டுக்குப் பரிஞ்சு பேச ஆள் யாரு?"

கை தட்டினார்கள். அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானே எழுதி நானே படிக்கிற இடத்தில் பொய் எதற்கு.

பிப்ரவரி 19

அவள் ஆட்கள் மோட்டாருக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். மேட்டுக்காரர் வீட்டு கேட்டைப் பூட்டிக்கொண்டார், அங்கே சீலும் இல்லை ஒன்றும் இல்லை. இங்கிருந்து கேட்கிறது அவர் மோட்டார்ச் சத்தம். காது கொள்ளவில்லை.

இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அவர் எடுக்கிறார், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? சீலைப் பிய்த்து எறிந்தேன். பட்டப்பகலில்தான். ஓடட்டும்.

பிப்ரவரி 24

பிடித்துவிட்டாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷெட் வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, சீல் எங்க?"

"காத்துல பறந்திருக்கும்."

சிரிப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தாள். அத்துமீறல் வழக்கு. ஆற்றங்கரை முழுக்க முதல் வழக்கு என் மேல். மேட்டுக்காரர் மேல் ஏன் இல்லை என்று கேட்டேன். உள்ளேயே விடவில்லை, கண்ணால் பார்க்காமல் எழுத முடியாது என்றாள். எனக்குத் தெரியும். சொந்தக்காரியையே விடவில்லை என்று ஊர் மெச்ச வேண்டும். அதற்கு நான்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இப்படி ஈவு இரக்கம் இல்லாம இருக்கப்போய்த்தான் கட்டினவன் உன்கூட நிக்கல."

பேனா நின்றது. பிறகு, "இங்க கையெழுத்துப் போடுங்க அண்ணி" என்றாள்.

போட்டேன். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி. கோபத்தில்தான்.

பிப்ரவரி 25

நான் சொன்னது என் வீட்டுக்காரர் காதுக்குப் போயிருக்கிறது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் படுத்துக்கொண்டார். படுக்கட்டும்.

மார்ச் 3

போன வாரமே மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டேன். வழக்குதான் வந்தாயிற்றே, இனி என்ன. இன்று பத்து நிமிஷம் ஓடியது. அப்புறம் சத்தம் மாறிவிட்டது. மோட்டார் காற்றை இழுக்கிறது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாய் முனை வெறும் சேற்றில் கிடக்கிறது. ஆறு இல்லை. என் தோட்டத்து வளைவில் ஆறு இல்லை. பள்ளத்தில் ஒரு குட்டை மட்டும், மேலே பச்சையாய்ப் பாசி. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. நாற்றம் தாங்கவில்லை.

நாத்தனார் அங்கே இருந்தாள். முழங்கால் வரை சேறு. இரண்டு ஆட்களோடு வலை போட்டு மீனை அள்ளித் தண்ணீர் டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தாள், கீழே ஆழமான மடுவில் கொண்டுபோய் விட. மீனுக்குப் பல்லக்கு! என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வலையைப் போட்டாள்.

கரையோரமாகவே மேலே நடந்தேன். மேட்டுக்காரர் எல்லையில் ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை மணல் மூட்டை அடுக்கியிருக்கிறது. மூட்டைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். அதில் அவருடைய இரண்டு மோட்டார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"இப்படி அடைச்சா கீழ இருக்கிறவங்க என்ன பண்றது?"

"ஏம்மா, நீ ஓட்டினப்ப உனக்குக் கீழ இருக்கிறவன்கிட்டப் போய்க் கேட்டுட்டா ஓட்டின?"

"என் மரமெல்லாம் போயிரும்."

"ஆளுக்கு ஆள் மரம் இருக்கு. உன் நாத்தனார்கிட்டச் சொல்லி அழு."

திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்த ஆளை ஏசிக்கொண்டே வந்தேன். என்ன ஏசினாலும் அவர் கேட்ட கேள்வி பின்னாலேயே வந்தது. கேட்டேனா நான்? எனக்குக் கீழே யார் யார் குழாய் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 5

டவுனில் குழாய்த் தண்ணீர் நாறுகிறதாம். ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோகிறார்கள். என் வீட்டுக்காரர் தன் பட்டறையிலிருந்து வந்து இதை மட்டும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 6

நாத்தனார் ஆபீஸுக்குப் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை, புகார் கொடுக்கத்தான் போனேன். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அந்த ஆள் மேல கேஸ் போடு. ஆத்தையே அடைச்சு வெச்சிருக்கான்."

"மூட்டை கட்டின உடனே எனக்குத் தெரியும். ஆத்துல யார் வேணா போட்டிருக்கலாம், நான் போடலைங்கிறார். நாங்க போறப்ப மோட்டாரைத் தூக்கி ஒளிச்சுடறார். சாட்சி சொல்ல ஒருத்தரும் வரல."

"நான் வர்றேன். அவர் மோட்டார் அதுக்குள்ள கிடக்கிறதை என் கண்ணால பாத்தேன்."

என் கேஸ் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "விசாரணையில உங்களையும் கேப்பாங்க. சீலை உடைச்சது, அதுக்கப்புறம் ஓட்டினது, எல்லாம். உங்க மோட்டாருக்கும் இந்தப் பருவம் முழுக்கத் தடை விழும். நான் காப்பாத்த மாட்டேன்."

"உன்னை யார் காப்பாத்தச் சொன்னா?"

வாசல் வரை வந்துவிட்டேன். அன்று ஷெட்டில் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தோன்றியது. திரும்பினேன். "அன்னைக்கு நான் சொன்னது..."

"அதை நான் மறக்க மாட்டேன் அண்ணி. இது வேற. விசாரணைக்கு நேரத்தோட வந்துருங்க."

மார்ச் 12

விசாரணையில் சொல்லிவிட்டேன். மேட்டுக்காரரைப் பற்றியும், என்னைப் பற்றியும்.

மத்தியானம் மண் அள்ளும் இயந்திரம் வந்து மூட்டைகளை இழுத்துப் போட்டது. மேட்டுக்காரரின் மோட்டாருக்குக் கரண்ட் வெட்டினார்கள். அப்புறம் என் ஷெட்டுக்கும் வந்து வெட்டினார்கள். சாயங்காலம் வளைவில் தண்ணீர் வந்தது. நூல் மாதிரிதான். ஆனால் நகர்ந்தது. பார்க்கலாம், எடுக்க முடியாது.

மார்ச் 13

தரம் பிரிக்கும் ஷெட்டில் இந்த வருஷம் என் பழத்துக்கு இடமில்லையாம். ஊரைக் காட்டிக்கொடுத்தவள் பழமாம். பழமே இருக்கப் போவதில்லை, நீங்கள் யார் இடமில்லை என்பதற்கு?

மார்ச் 17

பிஞ்சு முழுவதையும் பறித்துவிட முடிவு செய்தேன். காயைச் சுமக்கவிட்டால் மரம் போய்விடும். காயில்லாவிட்டால் மரமாவது நிற்கும்.

காலையிலிருந்து நான் பறித்தேன். சுருண்ட இலைக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாய். கொஞ்ச நேரத்தில் அடுத்த வரிசையில் சத்தம் கேட்டது. அவர். பட்டறைக்குப் போகாமல் வந்திருக்கிறார். அழுதேன், அவர் பார்க்காத மாதிரி இருந்தார். ராத்திரி பாய் உள்ளே வந்துவிட்டது.

ஏப்ரல் 21

மலைப்பக்கம் நல்ல மழை. ஆறு கலங்கலாய், கரை தொட்டு ஓடுகிறது. தடை இன்னும் இருக்கிறது எனக்கு. சில மரங்களில் புதுத் தளிர். எல்லாவற்றிலும் இல்லை.

ஏப்ரல் 26

மறுபடி கூட்டம். என் பக்கத்து நாற்காலிகள் காலி.

நாத்தனார் முறை வைக்கச் சொன்னாள். வெள்ளம் வரும்போது எல்லோரும் எடுத்துத் தேக்கலாம், குறையக் குறைய முறை போட்டுக் குறைக்க வேண்டும், கோட்டைத் தொட்டால் எல்லாம் நிற்க வேண்டும். தினம் பார்த்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்ச் சொல்லத் தோட்டக்காரர்களிலேயே ஒரு ஆள் வேண்டும். "நான் வந்தாத்தான் கேட்டைப் பூட்டிக்கிறீங்களே."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர்ப் பகையை யார் விலைக்கு வாங்குவார்கள்? எனக்கு ஏற்கெனவே ஓசியில் கிடைத்திருக்கிறது. கையைத் தூக்கினேன்.

"அண்ணியும் நாத்தனாருமா ஆத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்கடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். நாத்தனார் என் பெயரை எழுதிக்கொண்டாள். நன்றி கின்றி எதுவும் இல்லை.

ஜூலை 2

தண்ணீர் இறங்கிச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. தடை முடிந்து போன வாரம்தான் என் மோட்டாரை ஓட்ட ஆரம்பித்தேன். இன்று காலை நானே நிறுத்தினேன். கீழ்த் தோட்டங்களுக்குப் போய்ச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார்கள். ஒருத்தி என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள், ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் சாத்தினாள்.

கடைசியாக மேட்டுக்காரர். கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்றேன். வெயில் ஏறியது. வேலையாள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். பிறகு அவரே வந்தார்.

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. இதை முடிச்சுட்டுத்தான் போகணும்."

"இன்னைக்கு நிறுத்துறேன். நாளைக்கு நிறுத்த மாட்டேன்."

"நாளைக்கும் வருவேன்."

உள்ளே போனார். மோட்டார்ச் சத்தம் நிற்கும் வரை நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னாரு?" என்று வீட்டில் இவர் கேட்டார்.

"அசிங்கமாத் திட்டலை."

சாப்பாடு போட்டுத் தந்தார். நாளைக்குக் குடை கொண்டுபோக வேண்டும்.