கரையில் கேட்ட சங்கு

கார்த்திகை 8, ஞாயிறு

விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்தான் வருகிறது.

இன்று சுற்றிப்பார்க்கப் போன அணையில் படகுக்குச் சரியான கூட்டம். நம் முறை வரும்வரை காலை நனைக்கலாம் என்று இவர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கினார். நான் பையோடு கரையில் நின்றேன்.

சங்கு ஊதியது. மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விடுவதற்கு முன் ஊதுவார்கள், உடனே மேலே ஏறிவிட வேண்டும் என்று பலகையில் படித்திருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். இவர் பாறைமேல் சிரித்தபடி நின்றார். விசைத்தறிச் சத்தத்தில் இவர் காது மந்தமாகிவிட்டது எனக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

தறிக் கொட்டகையில் பேச்சு கேட்காது, நாங்கள் கையால்தான் பேசுவோம். இரண்டு முஷ்டியையும் ஒட்டவைத்து வெடுக்கென்று பிரித்துக் காட்டினேன். இழை அறுந்துவிட்டது, ஓடி வா என்று அர்த்தம். பார்த்த மாத்திரத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“எந்தத் தறிலடி?” என்றார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். இவர் நின்ற பாறையைக் காணோம்.

ஆரணி வரும்வரை பஸ்ஸில் அதையே கேட்டார். “நீ கைய ஆட்டிகினு இருந்தத பாத்துதான் வந்தேன். சங்கு எப்போ ஊதுனாங்க?”

தூங்கப் போகும்போது பாப்பா கேட்டாள். “நீ கத்துறதுக்கு முன்னாடியே ரெண்டு வாட்டி ஊதுச்சேம்மா. நீ ஏன் அப்பவே கூப்பிடல?”

நானும் அதே கொட்டகையில்தான் வேலை செய்கிறேன். எனக்கு ஒரு சங்குதான் கேட்டது.