ஒன்றுக்குக் கீழே ஒரு சின்ன எட்டு

மாப்ள,

காலையிலிருந்து பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறார்கள். கல் மாவு வெள்ளையாகப் பறந்து வந்து என் வாழை இலைகளின்மேல் படிந்துகொண்டிருக்கிறது. டீசலும் சூடான கல்லும் கலந்த அந்த வாசத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிக் வண்டியோடு ஊர் ஊராய் அலைந்த காலத்தில் நம் சட்டைகளை எத்தனை தரம் அலசினாலும் போகாத வாசம். ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். சாத்தியும் வந்தது. சரி, உன்னிடம் பேசித்தான் தீரவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் உன் முதல் வருஷத் திதி. பந்தியில் உட்கார்ந்திருந்தோம். உன் அண்ணன் குழம்பு வாளியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஜாதகத்துலயே தண்ணியில கண்டம்னு இருந்துச்சுங்க. பொறந்தப்பவே எழுதினத யாரு மாத்த முடியும்?"

வரிசை முழுக்கத் தலையாட்டியது. நான் ஆட்டவில்லை. "கண்டமும் இல்ல, கிண்டமும் இல்ல. அவன் நெம்பரைத் தப்பாப் படிச்சான்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் எனக்குப் பரிமாறவில்லை. நானும் கேட்கவில்லை.

உனக்குக் கடல் ஆசை வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. வண்டியை விற்ற அன்று ஜேடர்பாளையம் அணையில் மீன் வறுவல் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். "மச்சா, காலமெல்லாம் தண்ணி தேடி ஓட்டை போட்டாச்சு. பாதிக்கு மேல புகைதான் வந்துச்சு. இனிமே தண்ணி மேலயே உக்காந்துக்கறேன்" என்றாய். குடித்துவிட்டுப் பேசுகிறாய் என்று நினைத்தேன். அடுத்த மாதமே கடற்கரையில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, ஆற்று முகத்துவாரத்துக்கு உள்ளே கட்டிப் போட்டுவிட்டாய். கடல் வரைபடம் காட்டும் திரை ஒன்றையும் படகோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதைக் கழற்றி ஊருக்குக் கொண்டுவந்தாய்.

அணைக்கட்டில் பரிசலில் ஏறி அதை முடுக்கிப் பார்த்தோமே! சுற்றிலும் தண்ணீர். திரையில் மட்டும் ஒரே மஞ்சள். கடல் வரைபடத்துக்குக் காவேரி வெறும் தரை. "நம்ம ஆத்தை ஆறுன்னே மதிக்க மாட்டேங்கறானே இவன்!" என்று நீ சிரித்த சிரிப்பில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. பரிசல்காரர் நம்மை அதட்டினார்.

உன் வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்தச் சின்னங்களைப் படித்தோம். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஆங்கிலப் புத்தகம் ஒன்று, அகராதி ஒன்று, நம் சண்டை. கருநீலம் என்றால் ஆழம் என்று நான் சாதித்தேன். நீதான் கண்டுபிடித்தாய், தலைகீழ் என்று. கருநீலம் ஆழமில்லாத இடம், வெள்ளைதான் ஆழம். பச்சையைப் பார்த்து நீ வயல் என்றாய். அது கடல் வற்றும்போது வெளியே தெரிந்து, ஏறும்போது முழுகும் நிலம் என்று நான் காட்டினேன். புள்ளி வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்டால் அடியில் பாறை. மீன் முள் மாதிரிக் கோடு இருந்தால் முழுகிய கப்பல். "செத்த மீனு, செத்த கப்பலு, ரெண்டுக்கும் ஒரே எலும்பு" என்றாய். துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடது கைக்கு, பச்சை வலது கைக்கு. இது மட்டும் லாரி ஓட்டியவர்களுக்கு உடனே மண்டையில் ஏறியது.

நான் ஒரே ஒரு தரம் உன்னோடு படகில் வந்தேன். குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி. அதோடு சரி. அதே வரைபடத்தை என் போனில் போட்டுக்கொண்டு, நீ போகிற இடத்தையெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நீ கடலுக்குப் போனதற்கு முதல் நாள் மாலை போன் செய்தாய். கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருக்கிறது என்றும், காலையில் போய் மதியம் திரும்புவதாகவும் சொன்னாய். "முகத்துவாரத்துல பதினெட்டு கெடக்குது மச்சா. நம்ம இருபதடி போர் ராடே கிட்டத்தட்ட முங்கிரும். பயமே இல்ல."

என் போனை எடுத்து, அந்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், சற்றுக் கீழே இறங்கி, சின்னதாக ஒரு எட்டு. "அது பதினெட்டு இல்ல மாப்ள. ஒண்ணு புள்ளி எட்டு. கீழ எறங்கின நெம்பர் புள்ளிக்குப் பின்னால வர்றது. அதுவும் அடி இல்ல, மீட்டரு. கடல் நல்லா வத்துனா நிக்கற ஆழம்."

"எழுத்து கொஞ்சம் எறங்கி விழுந்திருக்கும். தண்ணி பாயிண்ட் பாக்க வந்தவனாட்டம் பேசாத."

"புத்தகத்தை எடுத்துப் பாரு."

"புத்தகம் உன்ற ஊட்டுல கெடக்குது. நீயே பாரு. நீ எப்பவும் பத்தடி கொறச்சுத்தான் சொல்லுவே."

நான் பார்த்தேன். நான் சொன்னதுதான் அதில் இருந்தது. திரும்ப அழைத்தேன். நீ எடுக்கவில்லை. விடிந்ததும் அழைத்தேன். அதற்குள் கடலில் இருந்தாய்.

ராடு எண்ணி அடி சொல்லியே வாழ்ந்தவர்கள் நாம். எந்த எண்ணைக் கண்டாலும் பின்னால் அடி என்று தானாகச் சேர்த்துக்கொள்ளும் நாக்கு. அது எனக்குத் தெரியாதா? என் நாக்கும் அதுதானே. ஆனால் நான் நாக்கை அடக்கி ஒரு கணம் உற்றுப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

உன்னை வாங்கிவரப் போனபோது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். காலையில் கடல் ஏறியிருந்ததால் தாண்டிவிட்டாயாம். மதியம் வற்றிய நேரத்தில் திரும்பினாயாம். மணல் திட்டின்மேல் அலை உடைவதைப் பார்த்து, வராதே என்று துண்டை வீசிக் காட்டினார்களாம். நீ கையை உயர்த்தி அவர்களுக்குப் பதிலுக்கு ஆட்டினாயாம். பின்னாலிருந்து ஒரு அலை தூக்கியதாம். முன்முனை மணலில் குத்திப் படகு கவிழ்ந்ததாம். நீ அதற்கு அடியில்.

பந்தி முடிந்து நான் கை கழுவும்போது உன் மனைவி பின்கட்டுக்கு வந்தாள். "அண்ணா, கண்டம்னே இருந்துட்டுப் போவட்டும். அவரு தப்புன்னு உங்க வாயால சொல்லாதீங்க. பசங்க காதுல விழுவுது."

"தப்புத்தானே அம்மிணி?"

"தப்பாவே இருக்கட்டும். கண்டம்னு நெனச்சாத்தான் எனக்குக் கொஞ்சமாச்சும் தூக்கம் வருது."

"அப்புடி எனக்குச் சொல்ல வராது."

"அப்ப இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் உண்டு. அதை இனி யாருக்குக் கொடுப்பார்களோ.

அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்டம் என்று சொல்லிவிட்டால் நீ யார்? கட்டி இழுத்துப்போன ஆடு. தலை நரைத்த வயதில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சின்னமாக முட்டி மோதிப் படித்தவன் நீ. படித்தவன்தான் தப்பாகப் படிக்க முடியும். உன்னை அந்த ஆட்டின் இடத்தில் கட்டிவைக்க நான் விடமாட்டேன். இதற்காக உன் வீட்டு வாசல் எனக்கு இல்லை என்றால், இல்லை.

உன்மேல் இருக்கிற கோபமும் போகவில்லை. போகாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, வாசம் பொறுக்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். புதிதாக ஒரு ராடு மாட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். இருபதடி. நீ நினைத்த ஆழம் கிட்டத்தட்ட அவ்வளவு. அது சுழன்றுகொண்டே பூமிக்குள் இறங்கியது. ரிக் வண்டிக் கேபினில் குனிந்தே ஏறுகிற அளவுக்கு உயரமானவன் நீ. உன் உச்சந்தலை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராடின் மேல்முனை அந்த உயரத்துக்கு வந்ததும் கையைத் தூக்கி "நிறுத்து" என்று கத்திவிட்டேன்.

வண்டி அடங்கியது. ராடு என் முன்னால் நின்றது, நீ நிற்கிற மாதிரியே. ஒன்று புள்ளி எட்டு மீட்டர், ஆறடிக்குச் சற்றுக் குறைவு. அந்த மணல் திட்டில் எழுந்து நின்றிருந்தால் உன் தலைமுடியாவது வெளியே தெரிந்திருக்கும்.

"என்னாச்சுங்கய்யா?" என்றான் ஆபரேட்டர்.

"ஒண்ணுமில்ல சாமி. எறக்கு."